முதியோர் இல்லத்தில் இருப்பவர்களின் பல்லும் வாயும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து முதியோர் இல்லங்கள் சிலவற்றில் தாதியாக வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். பல் வைத்தியர் இல்லை. ஆனால் பிறசர் பார்க்கப் போகிற இடத்திலும் பாதிக் கேள்வி வாயைப் பற்றித்தான் வருகிறது. பிள்ளைகள் கனடாவில் இருந்து நேரம் கெட்ட நேரத்தில் வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் குசினி வாசலில் வைத்து மெதுவாகக் கேட்கிறார்கள். முதியவர்கள் மட்டும் கேட்பதே இல்லை. எந்த இல்லத்தின் பெயரும் இதில் வராது, தேடாதீர்கள்.

80 வயதுக்குப் பிறகு பல்லைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான், அதுவும் அம்மாவின் கண் புரைக்கு மறுபேச்சில்லாமல் காசு அனுப்பிய அதே பிள்ளைகள். கண் என்றால் வைத்தியம், பல் என்றால் வயது போனால் விழுகிறதுதானே என்று ஒரு கணக்கு எங்கள் ஊரில் இருக்கிறது. வயது போனதால் மட்டும் பல் விழுவதில்லை. முரசு (பல்லீறு) வருத்தமும் சூத்தையும் கவனிக்காமல் விட்டதால்தான் விழுகிறது. ஜப்பானில் 80 வயதிலும் 20 பல் இருக்க வேண்டும் என்று 1989-இலேயே ஒரு நாடளாவிய இயக்கம் தொடங்கினார்கள். அங்கே அது நடக்கக்கூடிய காரியம் என்று நினைத்தார்கள், இங்கே நாங்கள் 60-இலேயே பல்லைக் கைகழுவி விடுகிறோம்.

சரி, பல்லே போகட்டும், நெஞ்சைப் பாருங்கள். வாயில் ஊறுகிற அழுக்கும் கிருமியும் எச்சிலோடு சேர்ந்து, விழுங்குவதில் தளர்ச்சி உள்ளவர்களுக்கு, நித்திரையில் நுரையீரலுக்குள் இறங்கும். முதியோர் இல்லங்களில் வருகிற நிமோனியாவில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். அதே ஜப்பானில் 11 இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஊழியர்கள் பல் மினுக்கி விட்டார்கள், மற்றவர்கள் வழமைபோல இருந்தார்கள். வழமைபோல இருந்தவர்களில் 19 வீதத்தினருக்கு நிமோனியா வந்தது, மினுக்கி விட்டவர்களில் 11 வீதத்தினருக்கு. 2002-இல் வெளியான ஆய்வு அது. ஊசி இல்லை, பெரும்பாலும் ஒரு பிரஷ்ஷும் கொஞ்ச நேரமும், கிழமைக்கு ஒருதரம் பல் வைத்தியப் பக்கத்து ஆட்களின் துப்புரவும்தான். அப்புறம் சலரோகம். முரசு வருத்தம் இருந்தால் சுகர் இறங்குவது கஷ்டம், சுகர் இறங்காவிட்டால் முரசு ஆறுவதும் கஷ்டம். கிளினிக்கில் குளிசையைக் கூட்டிக்கொண்டே போவார்கள், வாயை ஒருவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அம்மாவே “எனக்குப் பல்லுக்கு ஒண்டும் வேண்டாம்” என்கிறார். அவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாமா?

விடலாம், அது உண்மையிலேயே அவருடைய விருப்பம் என்று தெரிந்தால். என் அனுபவத்தில் அந்த “வேண்டாம்” பல வகை.

அதிகம் பேரிடம் இருப்பது கரைச்சல் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம். இல்லத்தில் நல்ல பெயர் எடுக்க வேண்டும், “அந்த ஆச்சி ஒரு கேள்வி கேளாது” என்று சொல்ல வேண்டும், பல்லுக்கொதி என்று சொன்னால் ஓட்டோ பிடிக்க வேண்டும், ஒரு பிள்ளை கூடப் போக வேண்டும், அன்றைக்கு இல்லத்தில் ஓர் ஆள் குறையும். இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற மகனுக்குச் செலவு என்பது அதற்கு மேல். இன்னொரு வகை பயம். இப்போது 80-ஐத் தாண்டியவர்கள் ஆஸ்பத்திரிக் கதிரையில் நாலு பேர் பிடிக்கப் பல்லுக் கழற்றிய காலத்தைக் கண்டவர்கள், அந்தக் கதிரைதான் அவர்கள் மனதில் இன்னும் இருக்கிறது. யுத்த காலத்தில் வருடக்கணக்காகப் பல் வைத்தியம் என்ற ஒன்றே இல்லாமல் இருந்தவர்களும் கனபேர். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்து போனபோது பல்லைப் பற்றி ஆர் நினைத்தார்கள்? கராம்பை வைத்து அமத்தி, உப்புத் தண்ணியில் கொப்பளித்துச் சமாளித்துப் பழகிவிட்டார்கள். அந்தப் பொறுமையை மெச்சத்தான் வேண்டும், ஆனால் இப்போது அதுவே குறுக்கே நிற்கிறது.

மூன்றாவது வெட்கம். வாய் நாறுகிறது என்று அவர்களுக்குத் தெரியும், அதை இன்னோர் ஆளுக்குத் திறந்து காட்ட மனம் வராது. கடைசியாகத்தான், “நான் போகிற காலம், இனி எனக்கு ஏன்” என்ற உண்மையான வேண்டாம். இதைச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களை மதிக்க வேண்டும். ஆனால் அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், பல்லுக் கட்டுவது வேண்டாம் என்பார்கள், கொதிக்கிற பல்லைக் கழற்றுவதற்கு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் மிகக் குறைவு.

எந்த வேண்டாம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: “பல் டொக்டரிடம் போவோமா” என்று கேட்காதீர்கள். “எந்தப் பக்கத்தால் சப்புறீங்கள் அம்மா?” என்று கேளுங்கள். மிச்சக் கதை தானாக வரும்.

கொதிக்குதா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

சாப்பாட்டுக் கோப்பையைப் பாருங்கள். பாணில் நடுப்பகுதியைத் தின்றுவிட்டு ஓரத்தைச் சுற்றிவர வைத்திருப்பார்கள். தேத்தண்ணியை ஆற விட்டு ஆற விட்டுக் குடிப்பார்கள். புட்டுக்கு வழமையை விட இரண்டு மடங்கு சொதி கேட்பார்கள், ஏனென்றால் குழைத்து விழுங்கத்தான் முடிகிறது. ஒரு ஐயா பின்னேரத்தில் தருகிற மாரி பிஸ்கட்டை ஒவ்வொரு நாளும் காகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தார், எல்லாரும் அவருடைய இரக்கத்தை மெச்சிக்கொண்டிருந்தோம். வாயைப் பார்த்தால் கீழ்க் கொடுப்பில் பல் உடைந்து வேர் முரசுக்கு வெளியே கூராக நிற்கிறது.

மறதி நோய் உள்ளவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். திடீரென்று கோபம், குளிக்க மறுப்பது, ஒரு பக்கச் சொக்கையை (கன்னத்தை) தடவிக்கொண்டே இருப்பது, கட்டின பல்லைப் போட மறுப்பது, இரவில் முனகுவது, இதெல்லாம் பல்லாக இருக்கலாம். நித்திரைக் குளிசை கொடுக்க முன் ஒரு ரோச் லைற் எடுத்து வாயைப் பாருங்கள்.

என்ன பார்ப்பது என்று கேட்டால், முதியோர் இல்ல ஊழியர்களுக்கென்றே பல நாடுகளில் பயன்படுத்துகிற ஓர் எளிய அட்டவணை இருக்கிறது. எட்டு விஷயம்: உதடு, நாக்கு, முரசும் உள்தோலும், எச்சில், சொந்தப் பல், கட்டின பல், வாயின் துப்புரவு, வலி. ஒவ்வொன்றுக்கும் நல்லம், மாற்றம் இருக்கிறது, மோசம் என்று மூன்று நிலை. பல் வைத்தியர் தேவையில்லை, சில நிமிடங்களில் முடியும். இல்லத்தில் சேரும்போது ஒருமுறை, பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக் கொப்பியில் எழுதி வைத்தால் போதும். நிறையும் பிறசரும் எழுதுகிற அதே கொப்பியில் ஒரு வரி.

இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் குளிக்க வார்க்கிறார்கள், மலசலம் எடுக்கிறார்கள். வாயை மட்டும் ஏன் தொட மாட்டார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கனக்க எழுத வேண்டும், ஏனென்றால் முதியவர்களின் மனப்பான்மையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், எங்களுடைய மனப்பான்மையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

எச்சில். அதுதான் விஷயம். ஒருவர் கடித்ததை இன்னொருவர் தின்னாத, செம்பை அண்ணாந்து குடிக்கிற வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு இன்னோர் ஆளின் வாய்க்குள் கை வைப்பது மலத்தைத் துடைப்பதை விட அருவருப்பு. ஒரு பிள்ளை என்னிடம் நேராகவே சொன்னது: “மிஸ், மற்றது எல்லாம் செய்வன், அந்தக் கட்டின பல்லை மட்டும் கழுவச் சொல்லாதேங்கோ.” அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் வரவில்லை, கையுறையும் கொடுக்காமல் பயிற்சியும் கொடுக்காமல் வெறும் விரலால் அந்தப் பல்லை எடுக்கச் சொன்னவர்களில்தான் வந்தது. இதற்குள் சாதிப் பேச்சும் ஒளிந்திருக்கிறது. ஆர் வாயில் ஆர் கை வைப்பது என்று முகத்தைத் திருப்புகிற முதியவர்களும் இருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொண்டு விலகி நிற்கிற ஊழியர்களும் இருக்கிறார்கள். வெளியே சொல்லப்படுவது “ஐயா விடமாட்டார்” என்பது மட்டுமே.

அடுத்தது, கடி வாங்குகிற பயம். நியாயமான பயம்தான். விரலைப் பல்லுக்கு இடையில் வைக்காமல், சொக்கைக்கும் பல்லுக்கும் நடுவில் பக்கமாக நுழைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். கையுறை, ஆளுக்கொரு பிரஷ், ஒரு துவாய், ஒரு சின்னப் பேசன். வேறு என்ன வேண்டும்? காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணி, ஏழு மணிக்குக் குளிசை என்று சுவரில் ஒட்டியிருக்கிற நேர அட்டவணையில் “வாய்” என்று ஒரு வரி இல்லை, அதனால் அது ஒருவருடைய வேலையும் இல்லை. அந்த வரியை எழுதி, எதிரே ஆளின் பெயரையும் போட்ட இல்லத்தில் மாற்றம் வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

மேல் பல்லைக் கழற்றினால் கண் பார்வை போய்விடுமா?

போகாது. பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. பல்லுக் கழற்றுகிற வயதும் கண்ணில் புரை வருகிற வயதும் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் பழி மற்றதில் விழுந்துவிட்டது. உண்மையில் மேல் கொடுப்பில் சீழ் பிடித்த பல்லைக் கழற்றாமல் விட்டால்தான் வீக்கம் கண்ணுக்குக் கீழ் வரை ஏறும்.

கிளீன் பண்ணினால் பல் ஆடத் தொடங்கும் என்கிறார்களே?

பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது. சுற்றிவர இறுகிப்போன காவி அதைப் பிடித்துவைத்திருந்தது, அதை எடுத்ததும் தெரியவந்தது. காவியை விட்டுவைத்தால் எலும்பு இன்னும் கரையும்.

உமிக்கரி, உப்பு, வேப்பங்குச்சி இதெல்லாம் பாவிக்கலாமா? ஐயா பேஸ்ட் தொட மாட்டேன் என்கிறார்.

“ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று ஐயா ஆரம்பித்துவிட்டால் நீங்கள் வாதாடி வெல்ல முடியாது, வாதாடவும் வேண்டாம். குச்சியை மென்று தும்பாக்கி மெதுவாகத் தேய்த்தால் கெடுதி இல்லை, ஆனால் அதற்கு மெல்லுகிற பல்லும் பிடிக்கிற கையும் வேண்டும், 85 வயதில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். உமிக்கரி வேறு கதை. அது பல்லை வெள்ளையாக்குவது தேய்த்துத் தேய்த்துத்தான். வயதானவர்களுக்கு முரசு கீழே இறங்கி வேர் வெளியே தெரியும், அந்த இடத்தில் எனாமல் கிடையாது, உமிக்கரி போட்டுத் தேய்த்தால் பல்லின் கழுத்தில் வெட்டு விழும். முதியவர்களுக்குச் சூத்தை வருவதும் பெரும்பாலும் அந்த வேரில்தான், அதைத் தடுப்பது புளோரைட் உள்ள பேஸ்ட். கிளோகார்டோ சிக்னலோ எதுவும் சரி, உறையில் புளோரைட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மினுக்கிய பிறகு துப்பினால் போதும், தண்ணி விட்டு அலசி அலசிக் கொப்பளிக்கத் தேவையில்லை.

ஐயாவுடன் சமாதானம் இப்படி: விடிய அவருடைய குச்சி, இரவு படுக்க முன் எங்களுடைய பேஸ்ட். இரண்டில் முக்கியமானது இரவு. அதை அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

வெத்திலையை நிறுத்தச் சொல்வதா?

இதில் பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சேருகிற அன்றைக்கே வெத்திலைப் பெட்டியைப் பறிக்கிற இல்லங்கள் இருக்கின்றன. வீடு போய், பிள்ளைகள் போய், கடைசியாகக் கையில் மிஞ்சிய ஒன்றைப் பறித்துவிட்டு அந்த ஆச்சி ஏன் சாப்பிடுகிறார் இல்லை என்று கேட்கிறார்கள். விறாந்தையில் நாலு ஆச்சிமார் சுற்றி இருந்து பாக்குரலில் இடித்து இடித்துக் கதைக்கிற அந்த ஒரு மணித்தியாலம்தான் சில இல்லங்களில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கிற ஒரே நேரம்.

ஆனால் ஆபத்தைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். யாழ்ப்பாணத்துப் புகையிலையின் காரம் ஊரறிந்தது, அதைச் சொக்கைக்குள் அடக்கி வைத்துக்கொண்டே நித்திரையாகிறவர்களும் இருக்கிறார்கள். புகையிலை போடாவிட்டால் பிரச்சினை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. பாக்கே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. பாக்கு, சொக்கையின் உள்தோலை இறுக்கியும் விடும். வாய் திறப்பு வரவரக் குறையும், மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாவிட்டால் காட்ட வேண்டும்.

நான் செய்வது: முதலில் புகையிலை, பிறகு பாக்கின் அளவு, கடைசியில் வெறும் வெத்திலை. படுக்கப்போக முன் வாயில் ஒன்றும் இருக்கக் கூடாது, புரைக்கேறும். மாதத்துக்கு ஒருமுறை ரோச் லைற்றில் சொக்கை, நாக்கின் ஓரம், நாக்குக்குக் கீழ். வெள்ளைத் தழும்பு, சிவப்புத் தழும்பு, தடிப்பு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், எதைக் கண்டாலும் பல் வைத்தியரிடம். நோவு இல்லையே என்று விடாதீர்கள், தொடக்கத்தில் நோகாது. புற்றுநோய் என்று வந்தாலும் இப்போது கொழும்புப் பக்கம் மகரகமவுக்கு ஓடத் தேவையில்லை, தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011-இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசு அதைக் கட்ட உதவியது.

கட்டின பல்லை இரவிலும் போட்டிருக்கலாமா? எப்படிக் கழுவுவது?

இரவில் கழற்ற வேண்டும். வாயில் பூஞ்சை பிடித்து அண்ணம் சிவந்துபோவது ஒன்று. இன்னொன்று, 85 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை ஜப்பானில் பார்த்த ஓர் ஆய்வில், கட்டின பல்லோடு நித்திரை கொள்கிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது. பெண்கள் சிலர் கழற்ற மறுப்பார்கள், பல்லில்லாத முகத்தைப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவருக்குக் கூடக் காட்ட விருப்பம் இல்லை. லைற்றை அணைத்த பிறகு கழற்றி வாங்குங்கள், விடிய லைற் போட முன் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த ஆச்சியின் மரியாதை அதில்தான் இருக்கிறது, உங்களுக்கு அது பெரிய வேலை இல்லை.

கழுவுவதற்குச் சவர்க்காரமும் பிரஷ்ஷும் போதும், பேஸ்ட் போட்டால் கீறல் விழும். பேசனில் தண்ணி நிரப்பி அல்லது துவாய் விரித்து அதற்கு மேலே பிடித்துக் கழுவுங்கள், சீமெந்துத் தொட்டியில் விழுந்தால் இரண்டாகிவிடும். சுடுதண்ணியில் போட்டால் வளைந்துவிடும், பிறகு ஒருநாளும் பொருந்தாது. இரவில் தண்ணிக்குள் கிடக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, வெள்ளையாகப் படியும், தினமும் தேய்த்தால் படியாது. வெளிநாட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்து தருகிற, தண்ணியில் போட்டால் நுரைக்கிற குளிசைகள் நல்லவைதான், ஆனால் பூட்டி வையுங்கள். மறதி உள்ளவர்கள் மருந்து என்று விழுங்கிவிடுவார்கள்.

பல் தொலைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லங்களில் கட்டின பல் கிடப்பது பழைய யோகட் கப்புக்குள், அந்தக் கப்பைக் குப்பை என்று எடுத்து வீசுகிறார்கள். சாப்பிட்ட பிறகு கழற்றிக் கடதாசியில் சுற்றித் தலையணைக்குக் கீழ் வைத்ததும் அப்படித்தான் போகிறது. மூடியுள்ள டப்பா வாங்கிப் பெயர் எழுதுங்கள். புதிதாகக் கட்டும்போது பல்லின் றோசாப் பகுதிக்குள்ளேயே பெயரை வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், செய்வார்கள். ஒரு இல்லத்தில் நாலு பேரின் பல்லை ஒரே பேசனில் போட்டுக் கழுவிவிட்டு, எது ஆருடையது என்று ஒவ்வொரு வாயிலும் போட்டுப் பார்த்த கதையும் நடந்தது.

மறதி நோய் உள்ளவர் வாயைத் திறக்கவே மாட்டார். என்ன செய்வது?

பலவந்தப்படுத்தாதீர்கள். ஒரு தரம் தலையைப் பிடித்து அமத்தினால் அடுத்த மாதம் வரைக்கும் அந்த ஆள் உங்களை விடமாட்டார். பேரை மறப்பார், பயத்தை மறக்க மாட்டார்.

முன்னுக்கு இருந்து, அவருடைய கண்மட்டத்தில் முகத்தை வைத்துக் கதையுங்கள். “வாயைத் திறவுங்கோ” என்று சொல்வதை விட “ஈ எண்டு காட்டுங்கோ” என்பது வேலை செய்யும். பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்து, அந்தக் கையை உங்கள் கையால் பிடித்து வழிநடத்தலாம். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் மாதக்கணக்காக ஒருவரையும் கிட்ட விடவில்லை. அங்கே வேலை செய்த தம்பி ஒருநாள் தன் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்று தான் பல் மினுக்கத் தொடங்க, வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மேலையிருந்து கீழை தேய் தம்பி” என்று திருத்தி, தானும் எடுத்துத் தேய்த்தார். எல்லாருக்கும் இது சரிவராது. குளித்துவிட்டு நல்ல மனநிலையில் இருக்கிற நேரம், தெரிந்த முகம், சின்னப் பிள்ளைகளின் மெல்லிய பிரஷ், இவை உதவும். தள்ளினால் விட்டுவிட்டு அரை மணித்தியாலத்தால் திரும்பப் போங்கள். ஒரு நாள் மேல் வரிசை மட்டும் முடிந்ததா? நாளைக்குக் கீழ் வரிசை.

படுக்கையில் இருப்பவருக்கு, வாயால் சாப்பிடாதவருக்கும் பல் மினுக்க வேண்டுமா?

குழாயால் சாப்பிடுகிறவருக்குத்தான் கூடக் கவனம் வேண்டும், வாய் காய்ந்து அழுக்கு ஓடு மாதிரிப் பிடித்துவிடும். தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, சொக்கைக்குக் கீழ் துவாய் வையுங்கள். பேஸ்ட் மிகக் கொஞ்சம், பிரஷ்ஷை நனைத்து உதறிவிட்டு மினுக்குங்கள், வாய்க்குள் தண்ணி ஊற்றவே கூடாது. ஈரத் துணியை விரலில் சுற்றி நாக்கையும் சொக்கையையும் துடைக்கலாம். உதட்டுக்கு வஸ்லின் மெல்லியதாக, ஒட்சிசன் ஏறுகிற ஆளுக்கு எண்ணெய்ப் பசை வேண்டாம். எலுமிச்சம் புளி தடவுகிற பழக்கத்தை விடுங்கள், அது இன்னும் காயவைக்கும்.

அம்மாவுக்கு எப்போதும் வாய் காய்கிறது என்கிறார். வயதா?

பெரும்பாலும் குளிசைகள். நீர் போக்குகிற குளிசை, சளிக்கும் கடிக்கும் கொடுக்கிற குளிசை, மனச்சோர்வுக்கும் நித்திரைக்கும் கொடுக்கிறவை, இப்படிப் பலதும் எச்சிலைக் குறைக்கும். எச்சில் இல்லாவிட்டால் சூத்தை கெதியாக வரும். வாய் காய்கிறது என்று பனங்கட்டியையும் ரொபியையும் வாயில் அடக்கிவைத்தால் நிலைமை இன்னும் மோசம். அடிக்கடி ஒரு மிடறு தண்ணி குடிக்கட்டும், கிளினிக்கில் குளிசைகளைப் பற்றிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரத்தம் இளக்கும் குளிசை குடிக்கிறவருக்குப் பல்லுக் கழற்றலாமா?

கழற்றலாம், முதலே சொல்லிவிட வேண்டும். அஸ்பிரினையோ வார்பரினையோ நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், பல்லில் இரத்தம் கசிவதை நிற்பாட்டலாம், பாரிசவாதத்தைத் திருப்ப முடியாது. வார்பரின் என்றால் கிட்டடியில் எடுத்த இரத்தப் பரிசோதனையைக் கொண்டுபோங்கள். எலும்புக்கு என்று கிழமைக்கு ஒன்று வெறும் வயிற்றில் குடிக்கிற குளிசையையும் மறக்காமல் சொல்லுங்கள். அதைக் குடிக்கிற சிலருக்குக் கழற்றிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் நிற்கும். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோனால் இதில் ஒன்றையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை.

எங்கே கொண்டுபோவது? செலவு எவ்வளவு?

யாழ் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் கழற்றுவதும் அடைப்பதும் இலவசம். உண்மையான செலவு ஓட்டோவும் கூடப்போகிற ஆளும்தான். சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரை வரிசையில் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தால் அடுத்தமுறை அவர் வரமாட்டார், அதனால் இல்லத்தின் பொறுப்பாளர் முதலே போய்க் கதைத்து ஒரு நேரம் கேட்பது நல்லது. நாலைந்து பேரைச் சேர்த்து ஒரு வானில் கொண்டுபோனால் பயமும் குறையும், ஒருவர் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு வெளியே வருவதை அடுத்தவர் பார்க்கிறார்.

நாங்கள் வெளிநாட்டில். புதுப் பல்லுக் கட்டக் காசு அனுப்பலாமா?

முதலில் அவருக்கு வேண்டுமா என்று கேளுங்கள். வீடியோவில் அம்மாவின் பொக்கை வாயைப் பார்த்து உங்களுக்குத்தான் மனம் பொறுக்கவில்லை, அம்மா பத்து வருடமாக முரசாலேயே சோறு சப்பிப் பழகிவிட்டார். 85-க்கு மேல் முதல்தடவையாகக் கட்டுகிற முழுப் பல் பாதிக்குப் பாதி அலுமாரிக்குள் போவதைத்தான் நான் கண்டிருக்கிறேன், மறதி தொடங்கியவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஆனால் முன்பே பல் போட்டுப் பழகி, அது தொலைந்தோ தளர்ந்தோ போனவர் என்றால் கெதியாகக் கட்டிக்கொடுங்கள், விட்டுவிட்டால் பழக்கம் போய்விடும்.

மற்றவர்களுக்கு, அந்தக் காசில் ஒரு பங்கை வைத்து இல்லத்துக்குக் கையுறைப் பெட்டிகளும் பிரஷ்ஷும் வாங்கிக்கொடுங்கள். அடுத்த அழைப்பில் “சாப்பிட்டாச்சா” என்பதோடு நிற்காமல் என்ன சாப்பிட்டார், எதை விட்டார் என்று கேளுங்கள். கமராவைக் கிட்டப் பிடிக்கச் சொல்லி வாயையும் பாருங்கள், வெட்கப்படுவார், சிரிப்பார், பரவாயில்லை.

இல்லம் தேடும்போது இதைப் பற்றி என்ன கேட்பது?

அரசின் இல்லம் கைதடியில் இருக்கிறது, மற்றபடி கோயில்களும் தேவாலயங்களும் தனியாரும் நடத்துகிறவை. எதுவானாலும் குளியலறையைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். பிரஷ்கள் தனித்தனியாக, பெயரோடு இருக்கின்றனவா, எல்லாம் ஒரே பேணிக்குள் தலை முட்டிக்கொண்டு நிற்கின்றனவா? தும்பு ஈரமாக இருக்கிறதா? பத்து மணிக்குப் போய்ப் பார்த்து எல்லாப் பிரஷ்ஷும் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தால் அன்றைக்கு விடிய ஒருவராவது பல் மினுக்கியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

கடைசிக் கேள்வி: அப்பா புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கேட்கிறார். கொடுக்கலாமா?

சொந்தக் கொடுப்புப் பல் இரண்டு பக்கமும் உறுதியாக இருந்தால் கொடுங்கள். கட்டின பல் என்றால் கடித்து உடைக்க விடாதீர்கள், பல்தான் உடையும். இடித்து மாவாக்கி, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் குழைத்துக் கொடுத்தால் சந்தோசமாகச் சாப்பிடுவார், சலரோகம் இருந்தால் சர்க்கரையை விடுங்கள். மா பல்லிடுக்கில் ஒட்டும், சாப்பிட்டு முடியக் கொப்பளிக்க வையுங்கள்.